கைமாத்துச் சர்க்கரை

மேலப்புளியங்குளம் விலக்கைத் தாண்டினதும் ரோடு வலது கைப் பக்கமாக வளையும் பாருங்கள், அந்த வளைவில், பழைய அரிசி ஆலையை இடித்துவிட்டுக் கட்டின முதியோர் இல்லத்தில், உலகம்மாள் என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்கு ஒரு பெரிய குறை இருந்தது, அந்தக் குறை என்னவென்றால் அவளுக்கு ஒரு நோயும் கிடையாது.

சிரிக்க வேண்டாம். நோய் இல்லாத ஆளுக்கு அந்த இடத்தில் என்ன மதிப்பு என்று தெரிந்தால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். காலையில் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள் என்றால், ராத்திரி முச்சூடும் முட்டு கடுத்தது என்று ஒருவர் ஆரம்பிப்பார், முட்டுதானே, எனக்கு மூச்சே நின்னு நின்னுல்லா வந்துச்சு என்று அடுத்தவர் ஏற்றுவார், நின்னாலும் வந்துட்டுல்லா, எனக்கு முந்தாநாள் தின்னது இன்னும் வெளிய வரலையே என்று மூன்றாவது ஆள் முடித்துவைப்பார். இப்படிச் சீட்டாட்டத்தில் துருப்பு இறக்குகிற மாதிரி ஆளுக்கொரு நோயை இறக்கி ஆடும்போது உலகம்மாள் கையில் ஒரு சீட்டும் இருக்காது. ஆசைக்கு ஒரு நாள், "எனக்கும் நேத்து லேசா தலை கிறுகிறுன்னு..." என்று தொடங்கிப் பார்த்தாள். "ஒனக்கென்னளா, நீ அம்மிக்கல்லு" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்கள்.

வாராவாரம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ரெத்தினபாய் சிஸ்டர் ஸ்கூட்டியில் வருவாள். வந்து பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்து, மாத்திரையோடு கூட நாலு வார்த்தையும் கொடுப்பாள். ராத்திரி தூங்குதியளா, புண்ணு ஆறிட்டா, மக வந்து பாத்தாளா என்று ஒவ்வொருத்தரிடமும் கேட்டுக்கொண்டே வருகிறவள், உலகம்மாளிடம் வந்ததும் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல ஆச்சி, நூறு வருசம் இருப்பிய" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவாள். அந்த நூறு வருசமும் உன்னோடு யார் பேசுவார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

உலகம்மாளுக்கு ஒரே பிள்ளை, குத்தாலிங்கம், மினிபஸ் டிரைவர். வாழ்நாள் பூராவும் பீடி சுற்றி வளர்த்த பிள்ளை. அவன் ஓட்டுகிற பஸ் அந்த வளைவு வழியாகத்தான் போகும், அந்த வளைவு வழியாகத்தான் வரும். வளைவு என்பதால் ஹார்ன் அடிப்பான். எல்லா டிரைவரும்தான் அடிப்பார்கள், ஆனால் உலகம்மாள், "எம்மவன் கூப்பிடுதான்" என்று சொல்லி கேட்டுக்கு ஓடுவாள், அவள் போய்ச் சேருவதற்குள் பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிருக்கும். மருமகளோடு சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வீடு சின்னது, ரெண்டு பேருக்கும் வாய் பெரிது, அவ்வளவுதான் சங்கதி. கொண்டுவந்து சேர்த்த அன்றைக்கு உள்ளே வந்தவன்தான், அதற்குப் பிறகு அவன் கால் அந்த கேட்டுக்குள் படவில்லை. அவள் ஆசைப்பட்டதும் ஒன்றே ஒன்றுதான். அந்த பஸ் ஒரு தரம் இந்த கேட்டுக்கு முன்னால் நிற்கணும், அவன் இறங்கிவந்து, "எம்மா, எப்படி இருக்க" என்று கேட்கணும். ஆனால் நன்றாக இருக்கிறவளிடம் எப்படி இருக்கிறாய் என்று யார் கேட்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.

அப்படியிருக்கையில்தான், அதே பெஞ்சில் உட்காருகிற திருமலையாண்டியின் ஊரில் தேர் வந்தது. திருமலையாண்டி கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்தவர், அந்தக் காலத்தில் கம்பம் கம்பமாக ஏறினவர், இப்போது கக்கூஸ் படி ஏற ரெண்டு பேர் பிடிக்க வேண்டும். அன்று மத்தியானம் சோறுண்ட பிறகு எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பல் இருந்தவர்கள் மென்றார்கள், இல்லாதவர்கள் சின்ன உரலில் இடித்துக்கொண்டிருந்தார்கள். திருமலையாண்டி ஒரு வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி மடித்து உலகம்மாளிடம் நீட்டி, "இந்த முட்டுவலிய ஒரு பொழுதுக்கு யாராச்சும் கைமாத்தா வாங்கி வச்சிருந்தா, நான் ஊருக்குப் போயி தேர் வடத்தைத் தொட்டுட்டு வந்திருவேன்" என்றார். உலகம்மாள், "அதுக்கென்ன அண்ணாச்சி, கொண்டாங்க, நான் வச்சிருக்கேன், எங்கிட்ட எடம் சும்மாதானே கெடக்கு" என்று சொல்லி வெற்றிலையை வாங்கி வாயில் போட்டாள். போட்டு ரெண்டு மெல்லு மென்றதும் முட்டுவலி அவளிடம் வந்துவிட்டது.

திருமலையாண்டி எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், மேனேஜர் தேவசகாயத்திடம் சொல்லிக்கொண்டு விறுவிறு என்று நடந்து போனார். உலகம்மாள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, "அய்யோ அம்மா" என்று மறுபடி உட்கார்ந்தாள். சாயங்காலம் முழுக்க அவள் முனங்கின முனக்கம் இருக்கிறதே, அதில் பாதி வலி, பாதி பெருமை. தைலம் தேய்த்துவிட ஒருத்தி வந்தாள், வெந்நீர்ப் பை கொண்டுவந்து ஒருத்தி வைத்தாள், இந்தப் பக்கமா நீட்டு, அந்தப் பக்கமா மடக்கு என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். வந்து சேர்ந்த நாளிலிருந்து அவளோடு யாரும் அவ்வளவு பேசினதில்லை. மறுநாள் தேர் பார்த்துவிட்டு, சுக்கு வெல்லமும் பொரியும் வாங்கிக்கொண்டு வந்த திருமலையாண்டி, இரவல் வாங்கிவர அனுப்பின மருமகள் மாதிரி தயங்கித் தயங்கி நின்று, அவள் மடித்துக் கொடுத்த வெற்றிலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தன் முட்டுவலியோடு தன் கட்டிலுக்குத் தவழாத குறையாகப் போனார்.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும். ஊரில் உப்பு, புளி, காப்பித்தூள் கைமாத்து நடக்கிற மாதிரி இல்லத்தில் நோய் கைமாத்து நடந்தது. பேத்தி சடங்குக்கு அதிரசம் தின்னணும், சர்க்கரையைக் கொஞ்சம் பிடி என்று ஒருத்தி, சிவராத்திரிக்குக் கண் முழிக்கணும், என் தூக்க மாத்திரைக் கிறக்கத்தை வாங்கிக்கோ என்று ஒருத்தர். கைமாத்துக்கு என்ன நடைமுறையோ அதுவே இதற்கும் நடைமுறை ஆயிற்று. வெள்ளிக்கிழமை பொருள் வெளியே போகக்கூடாது, விளக்கு வைத்த பிறகு கொடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது, வாங்கின பொருளை முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுக்கணும். இதெல்லாம் யாரும் கூடிப் பேசி வைத்த சட்டமில்லை, நோய்தான் அப்படி இருந்தது. வெள்ளிக்கிழமை பத்துத் தரம் வெற்றிலை மாற்றினாலும் இருந்த இடத்தைவிட்டு அசையாது. இன்னொன்று, மனசார வாங்கினால்தான் வரும். சும்மா வாய்க்கு வெற்றிலை போட்டவனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிற ஈனப்புத்தி அதற்குக் கிடையாது.

ரெத்தினபாய் சிஸ்டர் முதலில் கொஞ்சம் குழம்பினாள். நேற்று மூச்சிரைத்தவர் இன்றைக்குக் கயிற்றுக்கட்டிலைத் தூக்கி வெயிலில் போடுகிறார், நேற்று கட்டிலைத் தூக்கினவர் இன்றைக்கு மூக்கில் மருந்துப் புகை பிடிக்கிறார். பிறகு, "மாத்திரை நோய்க்குத்தானே, ஆளுக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தான் வருகிற நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். அன்றைக்கு நோய் ஒரு இடத்தில் நிற்கும், யாரிடம் எது இருக்கிறதோ அவருக்கு அந்த மாத்திரை. சுகாதார நிலையத்து டாக்டரும் சின்ன வயசு, நல்ல பிள்ளை, மேலே எழுதிக் கேட்டால் என்ன எழுதிக் கேட்பது என்று தெரியாமல் பேசாமல் இருந்துகொண்டார். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார், தொற்றுநோய் எதையும் யாரும் கைமாத்து வாங்கக்கூடாது, அதற்குத் தடுப்பூசிதான் வழி.

விஷயம் ஊருக்குள் போனது. ஊர்க்காரர்கள் ஆச்சரியமா பட்டார்கள்? எப்போது திறந்திருக்கும் என்றுதான் கேட்டார்கள். மேனேஜர் தேவசகாயம் கேட்டில் ஒரு பலகை தொங்கவிட்டார். "நோய் வைக்க வருவோர் மாலை மூன்று முதல் ஐந்து வரை வரவும். வெள்ளி விடுமுறை. செருப்பை வெளியே விடவும்." வருசக்கணக்காக எட்டிப் பார்க்காத மகன்களும் மகள்களும் மருமக்களும் வாழைப்பழச் சீப்போடு வந்தார்கள். கல்யாண விருந்துக்குப் போகிறவர் அல்சரை வைத்துவிட்டுப் போனார். சம்பந்தி வீட்டுக்கு முதல் தரம் போகிற ஒரு அம்மாள் வாயுத்தொல்லையைக் கொண்டுவந்து வைத்தாள். பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போன வாத்தியார் இருமலை வைத்துவிட்டுப் போய், தலைமையுரை நீண்டுவிட்டதால் விளக்கு வைத்த பிறகு வந்து, இருமல் இல்லாமல் வீட்டுக்குப் போனதால் வீட்டில் அவரை யார் என்று கேட்டார்கள்.

இல்லத்து ஆட்களும் லேசுப்பட்டவர்களா? வைத்தவர்கள் எடுக்க வந்துதானே ஆகணும் என்பது அவர்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. பிள்ளை ஒரு தரம் வைக்க வருகிறான், ஒரு தரம் எடுக்க வருகிறான், ஆக ரெண்டு தரம் முகம் பார்க்கலாம். எடுக்க வந்தால் உடனே கொடுப்பார்களா? "இப்பந்தான் மாத்திரை போட்டிருக்கேன், கொஞ்சம் அடங்கட்டும், அதுவரைக்கும் இரு, ஒரு வா காப்பி குடி" என்று உட்காரவைத்து, பேரன் படிப்பிலிருந்து பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டது வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வெற்றிலையை மடிப்பார்கள்.

எல்லார் வீட்டு ஆட்களும் வந்தார்கள், உலகம்மாள் வீட்டு ஆள் வரவில்லை. அவளுக்கு இடமோ நிறைய, யார் நோயையும் மறுக்கவும் மாட்டாள், ஒரே சமயத்தில் ஒருத்தர் முட்டுவலியையும் இன்னொருத்தர் நெஞ்செரிச்சலையும் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்தே உட்கார்ந்திருப்பாள். ஹார்ன் கேட்கும். முட்டுவலியோடு எழுந்து ஓட முடியாது. "அங்க பாரு, எம்மவன் கூப்பிடுதான்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்குவாள். பக்கத்திலிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு வியாழக்கிழமை அவன் வந்தான். பஸ்ஸில் இல்லை, யாரோ சேக்காளியின் பைக்கில். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, பலகையை ஒரு தரத்துக்கு ரெண்டு தரம் படித்துவிட்டு, உள்ளே வந்து நின்றான்.

"எம்மா" என்றான்.

"வாய்யா" என்றாள். பெஞ்சில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"நாளை கழிச்சு டிரைவர்மாருக்கெல்லாம் மெடிக்கல் வச்சிருக்காங்க. சர்க்கரை இருந்தா வண்டிய விட்டு எறக்கிருவோம்னு ஓனர் சொல்லுதாரு. அதான்."

"சர்க்கரையா? யாருக்குல?"

"எனக்குத்தான். அது ஆச்சு மூணு வருசம்."

உலகம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பெற்ற பிள்ளைக்குச் சர்க்கரை என்று ஊரெல்லாம் தெரிந்திருக்கும், மருந்துக்கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கும், கண்டக்டருக்குத் தெரிந்திருக்கும், பெற்றவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது, ரெண்டையும் விழுங்கிக்கொண்டாள். வெற்றிலையை அவனுக்கு மடிக்கத் தெரியவில்லை, சுண்ணாம்பை அள்ளி அப்பினான். "கொண்டா இங்க, கூறுகெட்டவனே" என்று பிடுங்கி, பீடி சுற்றின விரலால் அழகாக மடித்து, அவன் கையிலேயே வைத்து, அவன் கையிலிருந்தே வாங்கிப் போட்டுக்கொண்டாள். நாக்கு வறண்டது. பிள்ளையின் சர்க்கரை உள்ளே வந்து உட்கார்ந்தது அவளுக்குத் தெரிந்தது.

"சனிக்கிழமை சாயந்திரம் வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு, காப்பி வேண்டாம், நேரமாச்சு என்று போய்விட்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. போகட்டும், சனிக்கிழமை கேட்பான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது, அவன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வந்தது, போனது. மெடிக்கலில் அவன் தேறிவிட்டான் என்றும், பஸ் ஸ்டாண்டு பக்கம் அல்வாவும் மிக்சருமாக நின்று தின்கிறான் என்றும், ராத்திரி கல்யாண வீட்டில் பால்பாயசத்தை மூன்று தரம் கேட்டு வாங்கினான் என்றும் நோய் வைக்க வந்தவர்கள் சொன்னார்கள். சர்க்கரை இல்லாமல் இருந்து பார்த்தவன் அதை எடுக்க வருவானா? ஹார்ன் சத்தம் மட்டும் வேளா வேளைக்கு வந்தது.

உலகம்மாள் அந்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே, தொட்டில் பிள்ளையைக்கூட அப்படி ஒருத்தி பார்த்துக்கொள்ள மாட்டாள். காலையில் எழுந்து மதிலை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சோற்றைக் குறைத்தாள், கேப்பையும் கம்பும் கேட்டாள், காப்பியில் சீனி போட்டு ஒருத்தி கொடுத்துவிட்டாள் என்று அவளோடு மூன்று நாள் பேசவில்லை. வேறு யார் எதைக் கொண்டுவந்தாலும், "எடமில்ல, போயிட்டு வாங்க, எம்பிள்ளையோடது இருக்கு" என்று திருப்பி அனுப்பினாள். "ஒத்தச் சர்க்கரைக்கு இந்தப் பவிசா" என்று பெஞ்சில் முணுமுணுத்தார்கள். "ஒங்களுக்கென்ன தெரியும், அவன் வரும்போது கெட்டுப்போன பொருளையா கையில குடுக்க முடியும்" என்றாள்.

ஆனால் சர்க்கரைக்குத் தெரியுமா அது யார் பிள்ளையோடது என்று? செருப்பு கடித்து அவள் கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. வந்தது ஆறவில்லை. வெள்ளிக்கிழமை வந்த ரெத்தினபாய் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் மாறிப்போனாள்.

"ஆச்சி, இது வெளையாட்டு இல்ல. ரொம்ப நாளு அடுத்த வீட்டுல கெடக்குற குத்துப்போணிப் பாத்திரத்துல அந்த வீட்டுக்காரன் பேரு வெட்டிருவான்லா, அந்தக் கதையாயிரும். பொறவு இது உங்க சர்க்கரை, யாருக்கும் குடுக்க முடியாது. இந்த வயசுல வெரலை எடுத்தாங்கன்னா வெரலோட நிக்காது. ஒங்க மகனை வரச்சொல்லுங்க."

"வருவான்."

"எப்ப?"

உலகம்மாள் கேட்டைப் பார்த்தாள். தூரத்தில் ஹார்ன் சத்தம் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த திருமலையாண்டிக்கு அப்போது வந்த கோபம், ஐம்பது வருசத்துக்கு முன்னால் கம்பத்தின் மேல் நின்றபோது கீழே கரண்டை ஆன் பண்ணினவன்மேல் வந்த கோபம், அதே கோபம். "எந்திரிங்கவே எல்லாரும்" என்றார்.

எந்திரித்தார்கள். கம்பு வைத்திருந்தவர் கம்போடு, நடை வண்டி பிடித்திருந்தவர் வண்டியோடு, முட்டுவலி, மூச்சிரைப்பு, மூலம், சொந்தமும் கைமாத்துமாக எல்லா நோய்களும் கேட்டைத் தாண்டி ரோட்டில் குறுக்காக வரிசை கட்டி நின்றன. திருமலையாண்டி முன்னால் நின்று சிவப்புத் துண்டை ஆட்டினார். குத்தாலிங்கம் வளைவில் திரும்பி, பிரேக்கை அமுக்கினான், பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. கேட்டுக்கு நேராக நின்றது.

"ஏல குத்தாலிங்கம், ஒன் பொருள் ஒண்ணு இங்க கெடக்கு, எறங்கி எடுத்துட்டுப் போ" என்றார் திருமலையாண்டி.

"என்ன பொருளுண்ணே?" என்று கண்டக்டர் கேட்டான்.

"அவன் சர்க்கரை. பெத்தவ காலு புண்ணாகிக் கெடக்கா. தொரை அல்வா திங்காராம்."

பஸ்ஸில் இருந்த சனம் பூராவும் டிரைவரைப் பார்த்தது. சந்தைக்குப் போகிற பொம்பளைகள் பார்த்த பார்வையில் அவனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. இறங்கிவந்தான். கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு காலில் துணியும் ஒரு காலில் செருப்புமாக உலகம்மாள் நின்றாள். அவன் அந்தக் காலைப் பார்த்தான், நிமிரவில்லை, கையை மட்டும் நீட்டினான். உலகம்மாள் மடியை அவிழ்த்து வெற்றிலையை எடுத்தாள்.

அப்போது பஸ் ஜன்னலிலிருந்து ஒரு கிழவி கத்தினாள். "ஏளா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். சிஸ்டர் வந்திருக்கிறாள், அவள் மாத்திரைப் பெட்டி எல்லார் கண்ணெதிரேயும் இருக்கிறது, அவள் வருகிற நாள் வெள்ளி என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், ஆனாலும் கோபம் வந்தால் யாருக்குக் கிழமை தெரிகிறது. "விடுங்க, என்ன ஆயிரும், குடுத்துப் பாருங்க" என்றார் மேனேஜர். ஒரு பஸ் நிறைய பொம்பளைகள் சேர்ந்து அவரை வாயை மூடவைத்தார்கள். வெள்ளிக்கிழமை கொடுக்கிற வீடு விளங்குமா? கடைசியில் குத்தாலிங்கம்தான் பேசினான்.

"நாளைக்கு வாரேம்மா."

"பஸ்ஸை நிறுத்தணும், சும்மா போயிரக்கூடாது" என்றாள் சந்தைக்காரி ஒருத்தி. "நாங்களும் நாளைக்கு இதுலதான வருவோம், பாத்துக்கிடுதோம்."

மறுநாள் பஸ் நின்றது. அவன் இறங்கி உள்ளே வந்தான். உலகம்மாள் தட்டு வைத்து, தன் பத்தியச் சாப்பாட்டிலேயே பாதியை, கேப்பை ரொட்டியும் அவரைக்காய்க் கூட்டும், அவனுக்குப் போட்டாள். அவன் தின்றுகொண்டே, தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"எப்படிம்மா இருக்க?"

எத்தனை நாள் காத்திருந்த கேள்வி. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்துவிடும், அவளுக்கு அது அனுபவம். "ஏதோ கெடக்கேன்" என்றாள். "ஆனா சர்க்கரைய இன்னைக்குத் தர மாட்டேன். நேத்து ரோட்டுல நின்ன அலைச்சல்ல கூடிப்போச்சு. கூடுன பொருளையா பிள்ளை கையில குடுப்பாக? கொறச்சு, நல்லதா ஆக்கி வைக்கேன். நாளைக்கு வா."

"சரி" என்றான்.

"உண்ட வாயிக்கு வெத்தலை போட்டுக்கோ" என்று ஒன்றை மடித்து நீட்டினாள். அவன் வெற்றிலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாங்கி மென்றான். படியிறங்கும்போது திரும்பி, "கொஞ்சம் தண்ணி கொடும்மா, நாக்கு வறளுது" என்று ஒரு செம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து பஸ் தினமும் நின்றது. நாளைக்கு வா என்றால் நாளைக்கு வந்தான், நாளை மறுநாள் என்றால் அதற்கும் முந்தின நாளே வந்தான். முதலில் டைம் போகுதே என்று கத்தின ஓனரும், நோய் வைக்க வருகிறவர்களும் எடுக்க வருகிறவர்களும் அங்கே ஏறி இறங்க ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார். கண்டக்டர், "சுகர் ஸ்டாப்பிங் எல்லாம் எறங்கு" என்று கூவினான், யாரும் சிரிக்கவில்லை, அந்த இடத்துக்குப் பேர் அதுதான் என்று இறங்கினார்கள். ஜன்னலோரம் இருந்தவர்கள், "ஆச்சி, இன்னைக்கு எப்படி இருக்கு?" என்பார்கள். "என்னத்தச் சொல்ல, நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை" என்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாகச் சொல்வாள். பெஞ்சில் அவள் பேச ஆரம்பித்தால் இப்போது மற்றவர்கள் வாயைத் திறக்க முடியாது.

சில வெள்ளிகள் ரெத்தினபாய் வேறு ஊர் முகாமுக்குப் போயிருந்தாள், வேறு சிஸ்டர் வந்து கட்டு மட்டும் மாற்றிவிட்டுப் போனாள். திரும்பி வந்த ரெத்தினபாய் விரலைப் பார்த்தாள், புண் இருந்த தடமே இல்லை. ஊசியால் குத்தி மெஷினில் வைத்தாள், ஒன்றும் இல்லை. மறுபடி குத்தினாள். அம்மிக்கல்லு.

"ஆச்சி, எங்க போச்சு?"

"எது?"

"ஆச்சி."

உலகம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னாள். "அன்னைக்கு சனிக்கிழமையே வெத்தலையில வச்சுக் குடுத்துட்டேன். அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா நாளையில இருந்து வர மாட்டான். சொல்லிராதிய தாயி."

சர்க்கரை இருப்பது தெரியாமல் ஒருத்தன் பஸ் ஓட்டினால் என்னாகும்? ஹார்ன் கேட்டதும் ரெத்தினபாய் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் இறங்குவதற்கு முன்னால் டிரைவர் சீட்டுப் பக்கம் போய், "கையை நீட்டுங்க" என்றாள். அவன் நீட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான்.

"தெரியும் சிஸ்டர். அன்னைக்கே தெரியும். மனசில்லாம வாங்குனா அது வராதுல்லா. ஓனர்ட்டயும் சொல்லிட்டேன், மாசாமாசம் டாக்டர்ட்ட காமிக்கேன், கட்டுலதான் இருக்கு, ஓட்டலாம்னுட்டாரு." குரலைத் தாழ்த்தினான். "அம்மாட்ட சொல்லிராதிய. அந்தச் சாக்கும் இல்லன்னா, தெனமும் எதுக்குல வாரன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

ரெத்தினபாய் மெஷினைப் பைக்குள் வைத்தாள். மனசார வாங்கினால்தான் வரும் என்பது அந்த இல்லத்திலேயே முதல் கைமாத்து வாங்கின உலகம்மாளுக்கா தெரியாது? ரெண்டு பேர் கொடுத்த ரகசியத்தையும் வயிற்றில் போட்டுக்கொண்டு அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பாவம், அதைக் கைமாத்து வாங்க மட்டும் ஊரில் ஆள் கிடைக்கவில்லை.

குத்தாலிங்கம் இறங்கி கேட்டுக்கு வந்தான். உலகம்மாள் செம்பில் தண்ணீரோடு நின்றாள்.

"எம்மா, எப்படி இருக்கு?"

"கொறைய மாட்டேங்குதேய்யா. இன்னும் கொஞ்ச நாளாகும் போல."

"ஆகட்டும், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பி நின்று மாத்திரையை வாயில் போட்டு, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தான். அவள் மதிலில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தான்.